நுரையீரலுக்கு ஸ்டெம் செல்: செய்யாமல் விட்டது குற்றமாகுமா?

மய்யித்தை அடக்கம் செய்துவிட்டுத் திரும்பிய வீட்டில், மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, வந்தவர்களெல்லாம் போன பிறகு ஒரு கேள்வி எழுவதுண்டு. "அத்தாவுக்குச் செய்ய வேண்டியதையெல்லாம் நாம் செய்தோமா?" என்று மூத்த மகன் கேட்பான். யாரும் பதில் சொல்ல மாட்டார்கள். 2020, 2021 ஆகிய இரண்டு ஆண்டுகளில் தாம்பரம், இரும்புலியூர், பெருங்களத்தூர், குரோம்பேட்டைப் பகுதிகளில் இந்தக் கேள்வி எழாத தெரு இல்லை எனலாம். கொரோனா போய்விட்டது. கேள்வி போகவில்லை. கடுமையான நிமோனியாவாலோ, உண்ணிக் காய்ச்சலாலோ, ரத்தத்தில் கிருமி பரவியதாலோ நுரையீரல் பழுதாகி வென்டிலேட்டரில் இருந்து மவுத்தானவர்களின் வீடுகளில் அது இன்னமும் கேட்கப்படுகிறது.

இப்போது அந்தக் கேள்விக்குப் புதிய வால் ஒன்று முளைத்திருக்கிறது. "ஸ்டெம் செல் ஊசி என்று ஒன்று இருக்கிறதாமே, லட்சக்கணக்கில் ஆகுமாமே, அதைப் போட்டிருந்தால் பிழைத்திருப்பாரோ? பணத்தைப் பார்த்து விட்டுவிட்டோமோ? நாளை மறுமையில் இதற்குப் பதில் சொல்ல வேண்டி வருமோ?" இது மருத்துவக் கேள்வி மட்டுமன்று. மார்க்கக் கேள்வியும்கூட. ஒரு மனிதன் தன்னைப் பாவி என்று எண்ணிக் காலமெல்லாம் உருகுவதா, இல்லையா என்பது இதற்குச் சொல்லும் விடையில் இருக்கிறது. நகையை வட்டிக்கு வைத்தாவது அந்த ஊசியைப் போட வேண்டுமா என்று இன்னொரு வீட்டில், நோயாளி உயிரோடிருக்கும்போதே கேட்கிறார்கள். அவர்களுக்கும் இதிலேதான் விடை இருக்கிறது.

முதலில் நோயைப் புரிந்துகொள்வோம். நமது நுரையீரலில் கோடிக்கணக்கான சின்னஞ்சிறு காற்றுப் பைகள் இருக்கின்றன. ஒவ்வொன்றின் சுவரும் மிக மெல்லியது. சுவரின் ஒரு பக்கம் காற்று, மறுபக்கம் ரத்தம். பிராணவாயு அந்தச் சுவரைக் கடந்து ரத்தத்தில் சேருகிறது. கிருமி புகுந்தால் உடலின் காவல் அணுக்கள் அங்கே விரைகின்றன. இதைத்தான் அழற்சி என்கிறோம். அளவோடு இருக்கும்வரை இது ரஹ்மத். அளவு மீறினால், திருடனைப் பிடிக்க வந்த காவலர்கள் தெருவையே கொளுத்திவிட்ட கதையாகிறது. சுவர் கசிந்து பைகளில் நீர் நிரம்புகிறது. கரையில் படுத்திருக்கும் மனிதன் உள்ளுக்குள்ளேயே மூழ்குகிறான். 1967ஆம் ஆண்டில் அமெரிக்க மருத்துவர்கள் நால்வர் 12 நோயாளிகளைக் கொண்டு இந்த நிலையை முதன்முதலாக விவரித்தார்கள். இன்று மருத்துவமனைகளில் ஏ.ஆர்.டி.எஸ். என்று சொல்வது இதைத்தான்.

இங்கேதான் ஸ்டெம் செல், அதாவது மூல உயிரணு, வருகிறது. எலும்பு மஜ்ஜையிலிருந்தோ குழந்தையின் தொப்புள்கொடியிலிருந்தோ ஒருவகை அணுக்களைப் பிரித்தெடுத்து, ஆய்வுக்கூடத்தில் பெருக்கி, நோயாளியின் நரம்பு வழியாகச் செலுத்துகிறார்கள். இவை புதிய நுரையீரலாக வளர்ந்துவிடும் என்று நம்மில் பலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல. அவை சில நாட்களுக்குமேல் உடலில் தங்குவதுகூட இல்லை. தங்கியிருக்கும் நேரத்தில் சில பொருள்களைச் சுரந்து, வெறிகொண்ட காவல் அணுக்களைச் சாந்தப்படுத்துகின்றன என்பதே கருத்து. 2012இல் கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், இந்த அணுக்கள் நுரையீரல் அணுக்களுக்குத் தம்முடைய சக்தி உறுப்புகளையே கொடுத்து உதவுவதை எலிகளில் கண்டார்கள். அல்லாஹ்வின் படைப்பில் என்னென்ன அற்புதங்கள்! ஆனால் எலி வேறு, மனிதன் வேறு.

இன்னொரு செய்தியையும் சொல்ல வேண்டும். இந்த அணுக்களுக்கு 'மீசன்கைமல் ஸ்டெம் செல்' என்ற பெயரை 1991இல் பரப்பியவர் ஆர்னால்டு கேப்லன் என்னும் அமெரிக்க விஞ்ஞானி. அவரே 2017இல், இந்தப் பெயரை மாற்றுங்கள் என்று எழுதினார். ஸ்டெம் செல் என்ற பெயரைக் கேட்டு, பழுதான உறுப்பு புதிதாக முளைக்கும் என்று நோயாளிகள் நம்பிவிடுகிறார்கள், அந்த நம்பிக்கையைக் காட்டிக் கடை விரிப்பவர்கள் பெருகிவிட்டார்கள் என்பது அவருடைய கவலை. பெயர் வைத்தவரே பெயரை எடுக்கச் சொல்வது உலகில் அடிக்கடி நடப்பதில்லை.

ஸ்டெம் செல் என்றதுமே, "கருவைக் கொன்று எடுப்பதாயிற்றே, ஹராம் அல்லவா?" என்று சிலர் கேட்கிறார்கள். நுரையீரல் அழற்சிக்குப் பரிசோதிக்கப்படும் அணுக்கள் பெரும்பாலும் உயிரோடிருப்பவர்கள் மனமுவந்து தரும் மஜ்ஜையிலிருந்தும், பிரசவத்துக்குப் பின் கழிந்துபோகும் தொப்புள்கொடியிலிருந்தும் எடுக்கப்படுபவை. ராபித்தத்துல் ஆலமில் இஸ்லாமியின் ஃபிக்ஹுக் குழு 2003 டிசம்பரில் மக்கா முகர்ரமாவில் கூடியபோது, பெரியவர்களின் உடலிலிருந்தும், தொப்புள்கொடி, நஞ்சுக்கொடி ஆகியவற்றிலிருந்தும் உரியவர்களின் சம்மதத்தோடு எடுத்துச் சிகிச்சைக்குப் பயன்படுத்துவது கூடும் என்றும், வேண்டுமென்றே கருவைக் கலைத்து எடுப்பது கூடாது என்றும் முடிவு செய்திருக்கிறது. அணுக்களை வளர்க்கும்போது சில ஆய்வுக்கூடங்களில் கன்றின் ரத்தநீரைச் சேர்க்கிறார்கள் என்பதைக் கேட்டு மனம் சஞ்சலப்படுவோரும் உண்டு. தூய்மையான மாற்று மருந்து இல்லாதபோது நஜீஸான பொருளைக் கொண்டு மருத்துவம் செய்ய ஷாஃபிஈ மத்ஹபில் இடமிருக்கிறது. விவரத்தை உங்கள் ஊர் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளலாம். ஆக, பொருள் ஹலாலா ஹராமா என்பதில் பெரிய சிக்கல் இல்லை. சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது.

இந்த மருந்து பலிக்கும் என்பது எவ்வளவு உறுதி? அந்த உறுதிக்கு ஏற்ப நம் மீது கடமை எவ்வளவு? மூல வினா இதுதான்.

ஹிஜ்ரி 505இல், அதாவது கி.பி. 1111இல், மறைந்த இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் தமது 'இஹ்யா உலூமித்தீன்' நூலில் தவக்குலைப் பற்றிப் பேசும் இடத்தில் இதற்கு ஒரு தெளிவான அளவுகோல் தந்திருக்கிறார்கள். தீங்கை நீக்கும் காரணங்களை அவர்கள் மூன்றாகப் பிரிக்கிறார்கள். ஒன்று, உறுதியானது: தாகத்துக்குத் தண்ணீர், பசிக்கு உணவு. இதை விட்டுவிடுவது தவக்குல் ஆகாது. உயிருக்கு ஆபத்து என்று தெரிந்தபின் விடுவது ஹராம். இரண்டாவது, பெரும்பாலும் பலிக்கும் என்ற எண்ணத்துக்கு இடமுள்ளது. வைத்தியர்கள் அனுபவத்தால் அறிந்த பொதுவான மருத்துவ முறைகள் இதில் அடங்கும். இதைச் செய்வது தவக்குலுக்கு முரண் அல்ல. செய்யாமல் விடுவது ஹராமும் அல்ல. மூன்றாவது, வெறும் ஊகம். இதற்கு மவ்ஹூம் என்று பெயர். அக்காலத்தில் சூடு போட்டு வைத்தியம் செய்வதை இதற்கு உதாரணமாகக் காட்டுகிறார்கள். இதை விடுவதே தவக்குலுக்கு உகந்தது என்பது இமாம் அவர்களின் முடிவு.

இது ஷாஃபிஈக்களின் நூலில் மட்டும் உள்ளதன்று. இந்துஸ்தானத்து உலமாக்கள் ஔரங்கசீப் காலத்தில் தொகுத்த ஹனஃபீ நூலான 'ஃபதாவா ஆலம்கீரி'யிலும் இதே மூன்று பிரிவு காணப்படுகிறது. நமது பகுதியில் ஒரே பள்ளியில் இரு மத்ஹபினரும் தோளோடு தோள் நின்று தொழுகிறார்கள். இந்த விஷயத்தில் அவர்களுக்கிடையே வேறுபாடு இல்லை என்பதற்காகச் சொல்கிறோம்.

இங்கே ஒன்றைக் கூர்ந்து கவனிக்க வேண்டும். மருந்து எந்த வகையைச் சேர்ந்தது என்பதை அதன் விலை தீர்மானிப்பதில்லை. அதன் புதுமையும் தீர்மானிப்பதில்லை. அதைப் பற்றி மனிதருக்கு உள்ள அறிவே தீர்மானிக்கிறது. விலை அதிகமானால் சக்தியும் அதிகம் என்று நினைப்பது துணிக்கடையில் சரியாக இருக்கலாம்.

ஏ.ஆர்.டி.எஸ். நோய்க்கே இந்த அளவுகோலை வைத்துப் பாருங்கள். மூச்சு முட்டும் நோயாளிக்குப் பிராணவாயு கொடுப்பது தாகத்துக்குத் தண்ணீர் கொடுப்பதைப் போன்றது. வென்டிலேட்டர் கருவி காற்றைத் தள்ளும் அளவைக் குறைத்து, நுரையீரலை நோகாமல் நடத்தினால் என்ன ஆகும் என்று 861 நோயாளிகளிடம் அமெரிக்காவில் சோதித்தார்கள். 2000ஆம் ஆண்டில் முடிவு வந்தது. இறந்தவர்கள் நூற்றுக்கு 40 பேரிலிருந்து 31 ஆகக் குறைந்தார்கள். நோயாளியைக் குப்புறப் படுக்க வைத்தால்? 2013இல் பிரெஞ்சு, ஸ்பெயின் நாட்டு மருத்துவர்கள் வெளியிட்டார்கள்: கடுமையான நோயாளிகளில் 28 நாட்களுக்குள் இறந்தவர்கள் நூற்றுக்கு 33 பேரிலிருந்து 16 ஆகப் பாதியாகக் குறைந்தார்கள். மனிதர் நாலைந்து பேர் சேர்ந்து பத்திரமாகப் புரட்டிப் போடுவதற்கு எத்தனை லட்சம் வேண்டும்? கொரோனா காலத்தில் 2020 ஜூனில் இங்கிலாந்திலிருந்து வந்த செய்தி நினைவிருக்கலாம். டெக்சாமெத்தசோன் என்னும் பழைய மருந்து, சில ரூபாய்க்குக் கிடைப்பது, வென்டிலேட்டரில் இருந்த கொரோனா நோயாளிகளின் மரணத்தை ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைத்தது. அதுவும் அழற்சியைத் தணிக்கும் மருந்தே.

நம் பக்கத்திலிருந்தும் ஒன்று சொல்வோம். நமது மாநிலத்தில் நுரையீரலை இப்படிப் பழுதாக்கும் நோய்களில் உண்ணிக் காய்ச்சல் முக்கியமானது. வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் முன்னின்று நடத்திய ஆராய்ச்சி 2023இல் வெளியாயிற்று. கடுமையான உண்ணிக் காய்ச்சலுக்கு டாக்சிசைக்ளின், அசித்ரோமைசின் ஆகிய இரண்டில் ஒன்றை மட்டும் தருவதைவிட இரண்டையும் சேர்த்து நரம்பில் செலுத்துவது மேலானது என்று அதில் தெரிந்தது. இரண்டும் எந்த மருந்துக் கடையிலும் உள்ளவை. அத்தாவுக்கு இவையெல்லாம் கிடைத்திருந்தால், மகன் விலையுயர்ந்ததைச் செய்யவில்லை என்று அழ வேண்டியதில்லை.

சரி, ஸ்டெம் செல் எந்த வகை? எல்லா ஸ்டெம் செல் சிகிச்சையையும் ஒரே கூடையில் போட்டுவிடக் கூடாது. ரத்தப் புற்றுக்கும் தலசீமியாவுக்கும் மஜ்ஜை மாற்றுகிறார்களே, அதுவும் ஸ்டெம் செல் சிகிச்சைதான். வேலூரில் 1986 முதல் நடந்துவருகிறது. அதனால் பிழைத்த பிள்ளைகள் இன்று பிள்ளை பெற்றுவிட்டார்கள். பெங்களூர் ஸ்டெம்ப்யூடிக்ஸ் நிறுவனம் மஜ்ஜையிலிருந்து தயாரிக்கும் அணு மருந்துக்கு, காலின் ரத்தக் குழாய் அடைப்புக்கும் மூட்டுத் தேய்மானத்துக்கும் இந்திய அரசின் மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரி அனுமதி கொடுத்திருக்கிறார். நுரையீரல் அழற்சி விஷயத்தில் நிலைமை அப்படி இல்லை.

2020 ஏப்ரலில் நியூயார்க்கிலிருந்து ஒரு செய்தி உலகமெங்கும் பரவியது. வென்டிலேட்டரில் இருந்த 12 கொரோனா நோயாளிகளுக்கு இந்த அணுக்களைச் செலுத்தினார்கள். 10 பேர் பிழைத்தார்கள். எவ்வளவு பெரிய நம்பிக்கை! ஆனால் அந்தப் பன்னிருவரும் இல்லாமலே பிழைத்திருப்பார்களா என்று ஒப்பிட்டுப் பார்க்க எதிர்த்தரப்பில் யாரும் இல்லை. அதே மருந்தை முறைப்படி 300 பேரிடம் சோதிக்கத் தொடங்கினார்கள். பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு மருந்து போன்ற வெறும் திரவம். 222 பேர் சேர்ந்த நிலையில், 2020 டிசம்பரில், மரணத்தைக் குறைக்கும் என்று நிரூபிக்கும் வாய்ப்பில்லை என்று கண்காணிப்புக் குழு சொன்னதால் அந்தச் சோதனை நிறுத்தப்பட்டது. அதற்கு முன்பே 2019இல் அமெரிக்காவில் 60 நோயாளிகளிடம் செய்த சோதனையின் முடிவு வந்திருந்தது. மருந்தால் பெரிய தீங்கு ஏதும் தெரியவில்லை. உயிரைக் காக்கிறது என்றும் தெரியவில்லை. உறைந்த நிலையிலிருந்து உருக்கிக் கொடுக்கும்போது அணுக்களில் எவ்வளவு பங்கு உயிரோடிருந்தன என்று பார்த்தால், சிலருக்கு நூற்றுக்கு 36, சிலருக்கு 85. ஒரே பெயர், ஒரே மருந்து, இவ்வளவு வித்தியாசம்! ஆகவே இன்றுள்ள அறிவின்படி ஏ.ஆர்.டி.எஸ். நோய்க்கு ஸ்டெம் செல் மூன்றாவது வகையில்தான் நிற்கிறது. நாளை இரண்டாவது வகைக்கு ஏறக்கூடும். அதே நியூயார்க் மருந்து, மஜ்ஜை மாற்றத்துக்குப் பின் குழந்தைகளுக்கு வரும் ஒரு கொடிய சிக்கலுக்காக 2024 டிசம்பரில் அமெரிக்க அரசின் அனுமதியைப் பெற்றது. ஒரு நோயில் ஊகமாக நிற்பது இன்னொரு நோயில் மருந்தாக நிற்கலாம்.

ஒரு மருத்துவ நம்பிக்கை எப்படி மேலேறுகிறது, எப்படிக் கீழிறங்குகிறது என்பதற்குத் தூரத்து உதாரணம் தேட வேண்டாம். இரும்புலியூரிலிருந்து ஜி.எஸ்.டி. சாலையில் வடக்கே போனால் தாம்பரம். அதற்கடுத்த ரயில் நிலையத்தின் பெயரே சானடோரியம். இங்கிலாந்தில் காசநோய் மருத்துவ நிலையம் நடத்திவிட்டுத் திரும்பிய டாக்டர் சவுரி முத்து, 1928இல் 12 படுக்கைகளோடு இங்கே ஒரு சானடோரியத்தைத் தொடங்கினார். நல்ல காற்று, நல்ல உணவு, ஓய்வு, ஒழுங்கான வேலை என்பவையே அங்கு மருந்து. 1937இல் அரசாங்கம் அதை ஏற்றுக்கொண்டது. இன்று அரசு நெஞ்சக நோய் மருத்துவமனையாக இருக்கிறது. காசநோய்க்குச் சானடோரியத்தில் படுத்தே தீர வேண்டும் என்று அந்நாளில் உலகமே நம்பியது. படுக்கை கிடைக்காத ஏழையின் வீட்டார், "சேர்க்க முடியவில்லையே" என்று மனம் வெந்தார்கள்.

1956இல் சென்னை சேத்துப்பட்டில் ஒரு மையம் தொடங்கப்பட்டது. சென்னை அரசாங்கம், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில், உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் நான்கும் சேர்ந்து நடத்தின. சென்னையின் ஏழைக் காசநோயாளிகள், இருநூறுக்குச் சற்றுக் குறைந்தவர்கள், ஏறக்குறைய குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரிக்கப்பட்டார்கள். ஒரு பாதியினர் ஒரு வருடம் சானடோரியத்தில். மறு பாதியினர் நெருக்கமான தங்கள் வீடுகளிலேயே. மருந்து இருவருக்கும் ஒன்றே. 1959இல் முடிவு வெளிவந்தது. வீட்டிலிருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவுக்குக் குணமானார்கள். அவர்களால் வீட்டாருக்கு நோய் கூடுதலாகப் பரவவும் இல்லை. உலகெங்கும் காசநோய் சிகிச்சையின் முறையே அதனால் மாறியது. "படுக்கை கிடைக்கவில்லையே" என்று வெந்த மனங்களுக்கு அந்த ஆராய்ச்சி எவ்வளவு பெரிய ஆறுதல்!

"நோயாளியைக் குலுக்கல் போட்டா பிரிப்பது? மனித உயிரோடு சூதாட்டமா?" என்று கேட்பவர்கள் உண்டு. நல்ல கேள்வி. அம்பெறிந்து குறி பார்ப்பதைக் குர்ஆன் தடுக்கிறது. ஆனால் குர்ஆ எனப்படும் சீட்டுக் குலுக்கலை நமது மார்க்கம் தடுக்கவில்லை. மர்யம் (அலை) அவர்களை யார் பொறுப்பேற்பது என்பதில் எழுதுகோல்கள் போடப்பட்டதையும், யூனுஸ் (அலை) அவர்கள் கப்பலில் சீட்டுக் குலுக்கலில் சிக்கியதையும் திருமறை சொல்கிறது. நாயகம் (ஸல்) அவர்கள் பிரயாணம் புறப்படும்போது தம் மனைவியரில் யாரை அழைத்துச் செல்வது என்று குர்ஆ போட்டுத் தீர்மானித்ததாக ஹதீஸ்களில் வருகிறது. இவற்றிலெல்லாம் பொதுவானது என்ன? உரிமையோ தகுதியோ சமமாக இருந்து, ஒருவரை மற்றவரைவிட முற்படுத்த நியாயமான காரணம் இல்லாதபோதே குலுக்கல். எது சிறந்தது என்று வைத்தியருக்கே உண்மையில் தெரியாதபோது, இரு தரப்பு நோயாளிகளும் சமம், குலுக்கலே நீதி. எது சிறந்தது என்று தெரிந்த பிறகும் குலுக்கல் போட்டால் அது அநியாயம். அமெரிக்கச் சோதனையை 222ஆவது நபரோடு நிறுத்தியதிலும் இந்த நியாயம் இருக்கிறது.

ஆகவே, வென்டிலேட்டரில் கிடக்கும் அத்தாவை இப்படி ஒரு முறையான சோதனையில் சேர்க்கலாமா என்று கேட்டால், சேர்க்கலாம் என்றே நமக்குப் படுகிறது. அவருக்கு நினைவில்லை என்றால் வலீ சம்மதம் கொடுக்கிறார். வலீயின் அதிகாரம் நோயாளியின் நன்மைக்குள் அடங்கியது. அவருக்குக் கிடைத்துவரும் வழக்கமான சிகிச்சை எதுவும் குறையக் கூடாது. எந்நேரமும் விலகும் உரிமை வேண்டும். வெறும் திரவம் கிடைக்கும் தரப்பில் அவர் விழலாம் என்பதைத் தெரிந்தே ஒப்ப வேண்டும். பலன் அவருக்கு இல்லாமல் பின்னால் வருபவருக்கு மட்டும் கிடைக்கலாம்.

நாட்டுச் சட்டமும் இதில் நம் பக்கம் இருக்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலும் மத்திய அரசின் உயிரித் தொழில்நுட்பத் துறையும் 2017இல் வெளியிட்ட நெறிமுறைகளின்படி, ஏற்றுக்கொள்ளப்பட்ட சில நோய்களுக்கான மஜ்ஜை மாற்றம் போன்றவை தவிர, நிரூபிக்கப்படாத ஸ்டெம் செல் சிகிச்சையை அனுமதி பெற்ற ஆராய்ச்சியில் மட்டுமே கொடுக்கலாம். ஆராய்ச்சி, அரசின் பதிவேட்டில் பதிவாகியிருக்க வேண்டும். நெறிமுறைக் குழு பார்த்திருக்க வேண்டும். சோதிக்கப்படும் மருந்துக்காக நோயாளியிடம் பணம் வாங்கக் கூடாது. எனவே நுரையீரலுக்கு ஸ்டெம் செல் என்று சொல்லி ஒருவர் ரசீது நீட்டினால், அந்த ரசீதே போதுமான எச்சரிக்கை. மருத்துவம் அறியாமல் மருத்துவம் செய்து கேடு விளைவித்தவர் அதற்குப் பொறுப்பாளி என்று பெருமானார் (ஸல்) அவர்கள் அறிவித்ததாக அபூதாவூதில் வருகிறது. அறியாதவர் என்பது பட்டம் இல்லாதவர் மட்டும்தானா? பலிக்குமா என்று தமக்கே தெரியாத ஒன்றைப் பலிக்கும் என்று சொல்லி விற்பவர், எத்தனை பட்டம் பெற்றிருந்தாலும், அந்த விஷயத்தில் அறியாதவரே என்று நாம் கருதுகிறோம். வாங்குபவருக்குப் பொருளின் தன்மை தெரியாத வியாபாரத்தைத் தடுத்த மார்க்கம், மரணப் படுக்கையில் அதை அனுமதிக்குமா?

"சுத்தமான சம்பாத்தியம், என் பணம், நூற்றில் ஒரு பங்கு வாய்ப்பிருந்தாலும் செலவழிக்கிறேன், உங்களுக்கென்ன?" என்று ஒரு மகன் சொல்லலாம். அந்தப் பாசத்தை நாம் குறைத்துப் பேசவில்லை. ஆனால் நூற்றில் ஒன்று என்ற கணக்கை அவருக்குக் கொடுத்தது யார்? நூற்றில் ஒன்றா, பூஜ்யமா, அதற்கும் கீழே தீங்கா என்பது தெரியாததால்தானே சோதிக்கிறார்கள்?

வட்டிக் கடன் விஷயம் இதைவிடக் கடுமையானது. நகையை வட்டிக்கு வைத்துச் சிகிச்சை செய்யலாமா என்று வரும்போது, நிர்ப்பந்தம், அதாவது ளரூரத், என்ற சட்டத்தைச் சிலர் காட்டுகிறார்கள். நிர்ப்பந்தம் ஹராமின் வாசலைத் திறக்கும் என்பது உண்மை. ஆனால் அதற்கு நிபந்தனை உண்டு. அந்த ஹராமைச் செய்தால் ஆபத்து நீங்கும் என்பது உறுதியாகவோ, உறுதிக்கு நெருக்கமாகவோ தெரிந்திருக்க வேண்டும். வேறு வழி இருக்கவும் கூடாது. பட்டினியால் சாகிறவன் செத்ததைத் தின்னலாம். தின்றால் பசி தீரும் என்பது உறுதி. மவ்ஹூமான மருந்தில் அந்த உறுதி எங்கே? ஊகம் நிர்ப்பந்தத்தின் சாவியாக முடியாது. அத்தாவும் போய், வீடும் போய், வட்டியும் வளர்ந்து, உம்மா இத்தா இருக்கும் வீட்டு வாசலில் கடன்காரன் வந்து நிற்கும் காட்சிகளை நமது ஜமாஅத்துகள் கண்டிருக்கின்றன. சிறு பிள்ளைகளுக்குச் சேர வேண்டிய பணத்தை எடுத்து இப்படிச் செலவழிப்பதற்குப் பொறுப்பாளருக்கு உரிமையே இல்லை.

இதற்கு நேர் எதிராக, "மவுத்து எழுதியபடி வரும், ஆஸ்பத்திரி எதற்கு?" என்பவரும் நம்மிடையே இருக்கிறார். மருத்துவம் செய்துகொள்ளலாமா என்று கேட்ட கிராமத்து அரபிகளுக்கு, செய்துகொள்ளுங்கள் என்றே நாயகம் (ஸல்) அவர்கள் விடையளித்தார்கள். பிராணவாயுக் குறைவால் உதடு நீலமாகும் தாயை வீட்டில் வைத்துக்கொண்டு தவக்குல் பேசுவது, கையில் தண்ணீரை வைத்துக்கொண்டு தாகத்தால் சாவதற்குச் சமம். அவர் முதல் வகையை விட்டவர். ஸ்டெம் செல் வாங்காத மகனையும் இவரையும் ஒரே தராசில் வைக்க முடியாது.

ஆறுதல் சொல்லப் போகிறவர்களுக்கும் இதில் வேலை உண்டு. "ஏன் அந்த ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகவில்லை? அந்த ஊசி போட்டால் எழுந்து உட்கார்ந்துவிடுவார்களாமே" என்று மய்யித்து வீட்டில் கேட்பவரின் நாக்கு, கத்தியைவிடக் கூர்மையானது. பயனுள்ளதில் முயற்சி செய், அல்லாஹ்விடம் உதவி தேடு, பிறகு ஒன்று நேர்ந்துவிட்டால் 'இப்படிச் செய்திருந்தால்' என்று சொல்லாதே, அந்தச் சொல் ஷைத்தானுக்கு வாசலைத் திறக்கும் என்ற கருத்தில் முஸ்லிமில் ஒரு ஹதீஸ் இருக்கிறது. அந்தச் சொல்லை நாம் சொல்லாமலிருப்பது மட்டும் போதாது. அடுத்தவர் வீட்டில் போய் அதை விதைக்காமலும் இருக்க வேண்டும். தஃஸியாவின் நோக்கம் துக்கத்தைக் குறைப்பது. கேள்வி கேட்டுத்தான் ஆக வேண்டும் என்றால், "கடைசி நேரத்தில் யார் பக்கத்தில் இருந்தீர்கள்?" என்று கேளுங்கள். சொல்லச் சொல்ல அவர்கள் மனம் இலேசாகும்.

"அப்படியானால் அந்த ஊசிக்கென்று புரட்டி வைத்த பணத்தை என்ன செய்வது?" என்று கேட்டவர்களும் உண்டு. அது பிள்ளைகள் தங்கள் கையிலிருந்து போட்டது என்றால் அவரவருக்குத் திரும்பும். கைமாற்றாக வாங்கியது என்றால் வாங்கியவரிடம் அன்றே போய்ச் சேரட்டும். அத்தாவின் பணமே என்றால், அடக்கச் செலவு போக, முதலில் அவருடைய கடன். மஹர் பாக்கி இருந்தால் அதுவும் கடனே. உம்மா கேட்கக் கூச்சப்படுவார், பிள்ளைகள்தாம் நினைவில் வைக்க வேண்டும். அவர் மீது ஹஜ் கடமையாகி நிறைவேறாமல் இருந்தால் பதலி ஹஜ்ஜைப் பற்றி அவரவர் மத்ஹபின்படி ஆலிமிடம் கேட்டு முடிவு செய்ய வேண்டும். பிறகு மூன்றில் ஒன்றுக்குள் வஸிய்யத். மீதியைப் பெண்மக்களுக்கும் உரிய பங்கைப் பிரித்துக் கொடுத்துவிட வேண்டும்.